காத்திருக்கும் பொருளின் கணக்கு

ஒரு கணக்கோடு தொடங்கலாம். ஒரு பட்டறைக்கு 200 உதிரிபாகங்களுக்கான ஆர்டர் வந்திருக்கிறது. ஒவ்வொரு பாகமும் ஐந்து கட்டங்களைத் தாண்ட வேண்டும்: லேத், மில்லிங், டிரில்லிங், கிரைண்டிங், கடைசியில் பொருத்திப் பார்த்தல். ஒரு கட்டத்தில் ஒரு பாகத்துக்கு 2 நிமிட வேலை. ஆர்டர் எப்போது முடியும்?

பெரும்பாலான பட்டறைகளில் 200 பாகங்களையும் லேத்தில் கடைந்து முடித்து, டிரேக்களில் அடுக்கி, அப்புறம்தான் மில்லிங்குக்கு அனுப்புவார்கள். அங்கே 200-ம் முடிந்தபின் டிரில்லிங். கட்டத்துக்கு 400 நிமிடம் வீதம் ஐந்து கட்டங்களுக்கு 2,000 நிமிடம், அதாவது 33 மணி 20 நிமிடம் ஆகும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஒரே ஷிஃப்ட் என்றால் ஐந்தாம் நாள்தான் சரக்கு வாசலைத் தாண்டும்.

ஒரு பாகத்தைக் கடைந்ததும் அதை உடனே அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? முதல் பாகம் 10-ஆவது நிமிடத்தில் முழுதாக வெளியே வரும். அதன்பின் 2 நிமிடத்துக்கு ஒன்று. கடைசிப் பாகம் 408-ஆவது நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. மிஷின்கள் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். யாரும் கையை வேகமாக ஓட்டவும் இல்லை.

முதல் முறையில் ஒவ்வொரு பாகத்தின் மேலும் வேலை நடந்த நேரம் 10 நிமிடம். மீதி 1,990 நிமிடம் அது டிரேயில் கிடந்தது. "மற்ற மிஷின்கள் அந்த நேரத்தில் வேறு ஆர்டரைப் பார்த்திருக்குமே" என்று கேட்கலாம். பார்த்திருக்கும். ஆனால் அந்த ஆர்டரும் இதே மாதிரி டிரேயில்தான் கிடந்திருக்கும்.

லீன் உற்பத்தி முறை குறிவைப்பது இந்தக் கிடப்பு நேரத்தைத்தான். செலவைக் குறைக்கும் உத்தி, ஆட்குறைப்புக்கு நாகரிகமான பெயர் என்றெல்லாம் இதைப் புரிந்துகொண்ட நிறுவனங்கள் பல. பொருள் ஏன் காத்திருக்கிறது என்று தேடிப் போய் அந்தக் காரணத்தை அகற்றுவதே இதன் உயிர். செலவு குறைவது அதன் பின்னால் வரும் விளைவு. இந்த வரிசை மாறினால் முறை பலன் தராது. சில சமயம் கெடுதலும் செய்யும்.

பணமில்லாத கம்பெனி

இந்த முறைக்கு முழு வடிவம் கிடைத்தது ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில். அதன் வேர் கார் தொழிலில் இல்லை, நெசவில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியில் ஒரு பாவு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். இப்படித் தானாக நிற்காத தறிக்குப் பக்கத்தில் நின்று, நூல் அறுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இனி ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கலாம். குறையுள்ள துணியும் நீளமாக ஓடி வராது. 1929-இல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டு பேசி வாங்கியது. சகிச்சியின் மகன் கீச்சிரோ 1937-இல் டொயோட்டா கார் கம்பெனியை நிறுவினார். தேவையான பொருள் தேவையான நேரத்துக்கு வந்தால் போதும், முன்கூட்டி வந்து குவிய வேண்டாம் என்பது அவருடைய எண்ணம்.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் அந்த எண்ணம் கட்டாயமாகவே ஆகிவிட்டது. விற்காத வண்டிகள் தேங்கி, 1950-இல் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆட்குறைப்பு, நீண்ட வேலைநிறுத்தம் எல்லாம் நடந்து, கீச்சிரோவே பதவி விலகினார். சந்தை சிறியது, ஆனால் லாரி, கார், வேன் என்று பல வகை வேண்டும். ஃபோர்டு போல ஒரே மாதிரியை லட்சக்கணக்கில் செய்து குவிக்க ஆளும் இல்லை, வாங்குவோரும் இல்லை, முதலும் இல்லை.

அங்கே இயந்திரப் பிரிவை நடத்திக்கொண்டிருந்த தாயிச்சி ஓனோ, டொயோடா குடும்பத்தின் நெசவாலையிலிருந்து வந்தவர். நூல் அறுந்தால் நிற்கும் தறி அவருக்குப் பழக்கமான பொருள். ஒரே வகை மிஷின்களை ஓரிடத்தில் குவிப்பதை விட்டு, வேலை நடக்கும் வரிசைப்படி மிஷின்களை அமைத்தார். ஒரு தொழிலாளி இரண்டு மூன்று மிஷின்களைக் கவனிக்கும்படி மாற்றினார்.

அடுத்த யோசனை அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வந்தது. அங்கே வாடிக்கையாளர் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். காலியான இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார். ஓனோ இதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். பின்னால் இருக்கும் பிரிவு முன்னால் இருக்கும் பிரிவிடம் போய், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவரும். எடுத்ததற்கு அடையாளமாக ஒரு அட்டை திரும்பிப் போகும். அதன் பெயர் கான்பான். அட்டை வந்தால் செய்யலாம். அட்டை இல்லாமல் ஒரு பாகம்கூடச் செய்யக் கூடாது. "மிஷின் சும்மா நிற்கிறதே, இன்னும் நூறு போட்டு வைப்போம்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஓனோ வீண்களை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், தேவையற்ற தூக்கிச் சுமத்தல், தேவைக்கு மேற்பட்ட வேலைப்பாடு, கையிருப்பு, வீண் நடமாட்டம், குறையுள்ள பொருள். இவற்றில் மிக மோசமானதாக அவர் கருதியது முதலாவதை. காரணம், மற்ற வீண்களை அது தன் அடியில் மறைத்துக்கொள்கிறது. குடோன் நிறைய சரக்கு இருந்தால் மிஷின் பழுதானாலும் டெலிவரி நிற்காது. அதனால் பழுதை யாரும் நிரந்தரமாகச் சரிசெய்வதும் இல்லை.

லிட்டில் விதி

ஓனோ அனுபவத்தில் பிடித்ததற்குப் பின்னால் ஒரு கணித உண்மை இருக்கிறது. அதை 1961-இல் முறையாக நிறுவியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் பொருள்களின் எண்ணிக்கை, அவை வெளியேறும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். கோயில் வரிசையில் இதைப் பார்க்கலாம். மணிக்கு 600 பேர் தரிசனம் முடித்து வெளியே வருகிறார்கள், வரிசையில் 1,800 பேர் நிற்கிறார்கள் என்றால், இப்போது வந்து சேர்பவருக்கு 3 மணி நேரம் ஆகும். கடிகாரமே வேண்டாம், தலைகளை எண்ணினால் போதும்.

தொழிற்சாலையிலும் அப்படியே. நாளுக்கு 100 பம்ப் வெளியே போகிறது, 1,500 பம்புக்கான பாகங்கள் அரைகுறையாக உள்ளே கிடக்கின்றன என்றால், ஒரு பம்பு உருவாக 15 நாள் ஆகிறது. வெளியேறும் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டு உள்ளே கிடப்பதை 500 ஆக்கினால் 5 நாளில் முடியும். வாடிக்கையாளரிடம் சொல்லும் டெலிவரித் தேதி முன்னே வருகிறது. வங்கிக் கடனாக முடங்கிய பணம் வெளியே வருகிறது. இதற்காக எந்த மிஷினையும் முடுக்கவில்லை.

சூத்திரத்தின் நடுவில் உள்ள நிபந்தனையை மறந்துவிடக் கூடாது: வெளியேறும் வேகம் குறையாமல். மிஷின் அடிக்கடி பழுதாகும் இடத்தில், வார்ப்பு நேரத்துக்கு வராத இடத்தில் கையிருப்பை மட்டும் குறைத்தால் அடுத்த மிஷின் பாகமில்லாமல் நிற்கும், உற்பத்தி விழும். ஆகவே கையிருப்பைக் குறைப்பதற்கு முன்னால், அந்தக் கையிருப்பு எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நான்கு மணி நேரம் மூன்று நிமிடமானது

பெரிய பெரிய தொகுதிகளாகச் செய்வதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மிஷினை மறுபடி செட்டிங் செய்ய வேண்டும். கார் உடல் தகடுகளை அழுத்தும் பிரஸ்ஸில் பல டன் எடையுள்ள டையைக் கழற்றி வேறொன்றை மாட்ட மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் செலவழித்து மாட்டியபின் நூறு தகடு அடித்துவிட்டு யார் கழற்றுவார்கள்? ஐயாயிரம் அடித்து அடுக்கத்தான் தோன்றும்.

1913-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். செட்டிங் செலவையும் சரக்கை வைத்திருக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தடவையில் எத்தனை செய்வது லாபம் என்று அது சொல்லும். பல தலைமுறைப் பொறியாளர்கள் அதைப் படித்து, செட்டிங் நேரம் மாறாத ஒன்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். டொயோட்டாவில் அந்த மாறாததைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்கள்.

ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோ எழுதியிருப்பதன்படி, 1969-இல் டொயோட்டாவின் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் அதை 90 நிமிடமாக்கினார்கள். பிறகு மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவரும்படி நிர்வாகம் கேட்டது. சில மாதங்களில் அதுவும் நடந்தது. சூட்சுமம் எளியது. மிஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலைகள் சில. ஓடும்போதே செய்து வைக்கக்கூடியவை பல. ஸ்பேனரைத் தேடுவது, டையை எடுத்து வருவது, சுத்தம் செய்வது, உயரம் பார்ப்பது எல்லாம் இரண்டாம் வகை. இரண்டையும் பிரித்து, முடிந்தவரை முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்ற வேண்டும். பத்துத் திருகு திருக வேண்டிய போல்ட்டுக்குப் பதில் ஒரே திருகில் இறுகும் பிடிப்பு போட வேண்டும்.

ஹாரிஸின் சூத்திரத்தில் தொகுதியின் அளவு செட்டிங் செலவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 240 நிமிடம் 3 நிமிடமானால் செட்டிங் 80-இல் ஒரு பங்காகிறது; லாபமான தொகுதி ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிறது. ஐயாயிரம் அடித்து அடுக்க வேண்டிய இடத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் போதும். கையிருப்பு குறைந்தது உத்தரவு போட்டதால் இல்லை. அதை வேண்டிய காரணம் போய்விட்டதால்.

இதே தர்க்கத்தை மதுரையில் ஓர் அறுவை அரங்கில் பார்க்கலாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை மருத்துவருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள் இருக்கும். ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே, அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயார்செய்துவிடுவார்கள். ஒன்றை முடித்த மருத்துவர் அடுத்ததற்குத் திரும்ப வேண்டியதுதான். தயார்ப்படுத்தும் நேரத்தை மருத்துவரின் நேரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே மிக அரிதானது அவருடைய கைநேரம்.

கயிற்றை இழுக்கும் உரிமை

முதல் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. லேத்தில் ஒரு அளவு தவறிவிட்டது, அது ஐந்தாம் கட்டத்தில் பொருத்திப் பார்க்கும்போதுதான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகச் செய்யும் முறையில் தவறு தெரியவரும்போது 200 பாகங்களும் கெட்டிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் முறையில் 10-ஆவது நிமிடத்தில் தெரிந்துவிடும். கெட்டது ஐந்தே ஐந்து. அப்போது லேத்தில் நிற்பவருக்குத் தான் என்ன செய்தோம் என்பதும் நினைவிருக்கும். நான்காம் நாள் கேட்டால் யார் செய்தது, எந்த டூல் போட்டது என்று யாருக்கும் தெரியாது.

டொயோட்டாவின் அசெம்பிளி லைனில் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். ஏதாவது சரியில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். மேலே பலகையில் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீர்ந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், தீராவிட்டால் நிற்கும். நூல் அறுந்தால் நிற்கும் தறியின் தத்துவம்தான் இங்கே மனிதர் கைக்கு வந்திருக்கிறது.

லைனை நிறுத்துவது பழைய கார் ஆலைகளில் பெருங்குற்றம். குறையோடு வண்டி போகட்டும், கடைசியில் ரீவொர்க் பிரிவில் சரிசெய்துகொள்ளலாம் என்பதே வழக்கம். ஆனால் கடைசியில் சரிசெய்வது கூடுதல் ஆள், கூடுதல் இடம், கூடுதல் நேரம். அதைவிடப் பெரிய நஷ்டம், அதே தவறு நாளையும் வரும் என்பது. ஓனோ சொல்லிக்கொடுத்த "ஐந்து முறை ஏன்" இதற்குத்தான். மிஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போயிற்று. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை, சுமை கூடியது. ஏன் போகவில்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத்தூள் உள்ளே போயிற்று. முதல் 'ஏன்' உடன் நிறுத்தினால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போவோம். ஐந்தாவது வரை போனால் வடிகட்டி போடுவோம்.

முழு ஓட்டம் என்னும் பொறி

"மிஷின் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது" என்பது பல முதலாளிகளின் முதல் கட்டளை. வரிசைகளைப் பற்றிய கணிதம் இதை மறுக்கிறது. ஒரு வேலைக்குச் சராசரியாக 10 நிமிடம் எடுக்கும் மிஷின் ஒன்று. வேலைகள் ஒழுங்கில்லாமல் வருகின்றன. எடுக்கும் நேரமும் ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்ட வரிசைக்கான எளிய மாதிரி சொல்வது: மிஷின் பாதி நேரம் ஓடினால் ஒரு வேலை சராசரியாக 10 நிமிடம் காத்திருக்கும். 80 சதவீதம் ஓடினால் 40 நிமிடம். 90 என்றால் 90 நிமிடம். 95 என்றால் 190 நிமிடம். கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்தெடுக்கப் போய்க் காத்திருப்பு இரட்டிப்புக்கு மேல் ஆகிறது.

இதற்கு மருந்தையும் கணிதமே சொல்கிறது. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜான் கிங்மேன் 1961-இல் தந்த தோராயச் சூத்திரத்தில், காத்திருப்பு ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேலை வருவதிலும் முடிவதிலும் உள்ள ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்கினால் காத்திருப்பு கால்பங்காகும். 90 சதவீதம் ஓடும் அதே மிஷினில் 90 நிமிடம் 22 நிமிடச் சொச்சமாக இறங்கிவிடும்.

டொயோட்டா உற்பத்தியைச் சமன்படுத்துவதில் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். காலை முழுக்க ஒரு மாடல், மாலை முழுக்க இன்னொன்று என்று ஓட்டாமல், இரண்டையும் கலந்து ஒரே சீராக ஓட்டுவார்கள். ஒரே வேலையை எல்லோரும் ஒரே விதமாகச் செய்யும்படி எழுதிவைப்பதும் இதற்குத்தான். நம் ஆலைகள் பலவற்றில் ஏற்ற இறக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். முதல் இரண்டு வாரம் மந்தம், கடைசி வாரம் டார்கெட்டுக்காக இரவு பகல் ஓட்டம். சந்தையில் அப்படி ஒரு அலை இருக்காது. அது கணக்குப் புத்தகத்தில் பிறந்த அலை.

ஃப்ரீமான்ட் காட்டியது

ஜப்பானியர்களின் ஒழுங்கு அது, மற்ற நாட்டில் நடக்காது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு பதில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் கிடைத்தது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, அமெரிக்காவின் மோசமான ஆலைகளில் ஒன்று எனப் பெயரெடுத்து 1982-இல் மூடப்பட்டது. வேலைக்கு வராதோர் சில நாட்களில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தார்கள். நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஓயாத சண்டை.

1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தன. நிறுவனத்தின் பெயர் நம்மி. தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்களே. தொழிற்சங்கமும் பழையதுதான். மாறியது வேலை நடக்கும் முறை. குழுத் தலைவர்களை ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அழைத்துப் போய்ப் பழக்கினார்கள். கயிறு வந்தது, அதை இழுத்தால் திட்டு விழாது என்ற உறுதியும் வந்தது.

எம்.ஐ.டி. ஆய்வுத் திட்டத்தை நடத்திய ஜேம்ஸ் வோமாக், டேனியல் ஜோன்ஸ், டேனியல் ரூஸ் மூவரும் 1990-இல் வெளியிட்ட நூலில் மூன்று ஆலைகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒரு காரைப் பூட்ட ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலையில் 31 மணி நேர உழைப்பு, தகாவோகாவில் 16, நம்மியில் 19. நூறு கார்களுக்குக் குறைகள் ஃப்ராமிங்ஹாமில் 135. மற்ற இரண்டிலும் 45. பாகங்களின் கையிருப்பு ஃப்ராமிங்ஹாமில் இரண்டு வாரம், தகாவோகாவில் இரண்டு மணி நேரம், நம்மியில் இரண்டு நாள். சப்ளையர்கள் தூரத்தில் இருந்ததால் நம்மி இரண்டு நாள் வைத்துக்கொண்டது. வேலையில் ஜப்பானை நெருங்கிவிட்டது. 'லீன்' என்ற பெயரை 1988-இல் சூட்டிய ஜான் கிராஃப்சிக், இதே ஆய்வில் சேருமுன் நம்மியில் பொறியாளராக இருந்தவர்.

நம்மியில் இன்னொன்றும் நடந்தது. 1980-களின் பின்பகுதியில் விற்பனை சரிந்து, ஆலை தன் திறனில் 60 சதவீதத்துக்கும் குறைவாக ஓடியது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியான ஆட்களைப் பயிற்சிக்கும் முறைகளைச் சீராக்கும் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். இதைக் கருணை என்று மட்டும் பார்க்க வேண்டாம். தன் வேலையில் உள்ள வீணை நன்றாக அறிந்தவர் அதைச் செய்பவர்தான். அதைச் சொன்னால் தன் வேலையே போகும் என்றால் அவர் ஏன் வாயைத் திறப்பார்?

டொயோட்டாவின் வரலாற்றிலும் இதன் மறுபக்கம் உண்டு. பத்திரிகையாளர் சதோஷி கமாதா 1970-களின் தொடக்கத்தில் அங்கே தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து, மூச்சுவிட நேரமில்லாத லைன் வேகத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார். வீணைக் களைந்து மிச்சமான நேரத்தை மேலும் வேலையால் நிரப்பினால் தொழிலாளிக்குக் கிடைப்பது களைப்பு மட்டுமே. லீன் முறையின் மீது தொழிற்சங்கங்களுக்கு இருக்கும் சந்தேகம் காரணமில்லாதது இல்லை.

எவ்வளவு கையிருப்பு வேண்டும்?

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பற்றியது. டொயோட்டா வண்டிகளின் பிரேக்கில் வரும் ஒரு சிறு வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையிருப்போ மிகக் குறைவு. சில நாட்களிலேயே ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் பெரும்பாலும் நின்றன. அப்புறம் நடந்தது வியப்பானது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வரைபடத்தை வாங்கி, தங்களிடம் இருந்த மிஷின்களிலேயே அந்த வால்வைச் செய்து கொடுத்தன. தீப்பிடித்த ஒரு வாரத்துக்குள் உற்பத்தி மறுபடி தொடங்கியது. ஒரே சப்ளையரை நம்பியது பலவீனம். பிரச்சினையைச் சேர்ந்து தீர்த்துப் பழகியிருந்தது பலம்.

2011 மார்ச் பூகம்பத்தில் இன்னொரு பாடம் வந்தது. உடனே மாற்று கிடைக்காத பாகங்கள் எவை என்று டொயோட்டா பட்டியல் எடுத்தது. அவற்றில் சிப் முக்கியமானது. செய்து முடிக்கவே மாதங்கள் ஆகும். சில மாதங்களுக்கான சிப்பை இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021-இன் தொடக்கத்தில் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து மற்ற கம்பெனிகள் லைனை நிறுத்தியபோது டொயோட்டா தாக்குப்பிடித்தது. தட்டுப்பாடு நீண்டபின், அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைப் பெருமளவு வெட்டத்தான் வேண்டியிருந்தது.

கையிருப்பே கூடாது என்று இந்த முறையைக் கண்டவர்களே சொல்லவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். பூகம்பத்தை நாம் அகற்ற முடியாது, அதற்கு இருப்பு வைக்கலாம். தேய்ந்த தண்டை அகற்றலாம், அதற்கு இருப்பு வைப்பது சோம்பல்.

நம் பட்டறைகளுக்கு

தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது சென்னையின் சுந்தரம் கிளேட்டன், 1998-இல். 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் கார் ஆலைகளுக்குப் பாகம் அனுப்பும் கம்பெனிகளுக்குக் கான்பானும், சிறு சிறு மேம்பாடுகளைத் தொடர்ந்து செய்யும் கைசனும் அன்றாடப் பேச்சு. ஆனால் அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வது இடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கச் சொல்லிச் சுவரில் ஒட்டும் 5எஸ் போஸ்டர் மட்டும். சில சமயம் பெரிய ஆலையின் கையிருப்பு குறைவதே சின்னப் பட்டறையின் குடோனுக்கு அது இடம் மாறியதால்தான். சங்கிலி முழுவதையும் பார்த்தால் அங்கே எந்த வீணும் குறையவில்லை.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். அதிகம் விற்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் வாசலுக்குள் வந்தது முதல் சரக்கு லாரியில் ஏறியது வரை ஒரு பாகத்தின் பின்னாலேயே போய், எங்கே எத்தனை நிமிடம் வேலை, எங்கே எத்தனை மணி நேரம் கிடப்பு என்று எழுதுங்கள். இதை அலுவலக அறையில் உட்கார்ந்து எழுத முடியாது. உள்ளே கிடப்பவற்றை எண்ணி, நாளொன்றுக்கு வெளியே போவதால் வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்கள் உண்மையான டெலிவரி நாள். பிறகு அதிக நேரம் எடுக்கும் ஒரு செட்டிங்கை எடுத்து, மிஷின் ஓடும்போதே செய்து வைக்கக்கூடியவற்றைப் பிரியுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் இந்த ஒன்றிலேயே கணிசமான நேரம் மிச்சமாகும்.

அடுத்தது, தவறைச் சொல்பவரைத் திட்டுவதை நிறுத்துவது. செலவே இல்லாத வேலை இது; மிகக் கடினமானதும் இதுதான். மிச்சமாகும் நேரத்தால் யாருக்கும் வேலை போகாது என்று முதலாளி முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடக்க வேண்டும். இந்த உறுதி இல்லாமல் தொடங்கிய இடங்களில் தொழிலாளர்கள் ஆலோசனை சொல்வதை விரைவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சிறு, குறு நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் புதுப்பித்த லீன் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆலோசகர் வைத்து இதைச் செய்யும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் வரும் ஆலோசகர் முதல் நாளே "இருப்பைப் பாதியாக்குங்கள்" என்று சொன்னால் வேறு ஆலோசகரைப் பாருங்கள். செட்டிங், பழுது, குறை, ஏற்ற இறக்கம் ஆகிய நான்கையும் முதலில் கவனியுங்கள். இருப்பைக் கடைசியாகத் தொடுங்கள்.